கூழும் தோளும்

திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் கோயிலைத் தரிசித்துவிட்டு இராவணன் வெட்டை எட்டிப் பாராது திரும்புவது அரிது. பாறையின் விளிம்பில் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் அப்பிளவு, தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்தெடுக்க முயன்ற இலங்கை வேந்தன் வாளால் வெட்டிய வடு என்று ஐதிகம் கூறும். கோயிலுக்குத் தட்சிண கயிலாயம் என்றொரு பெயரும் உண்டாதலால், வடகயிலையை எடுத்த கதையும் தென்கயிலையை எடுக்க முயன்ற கதையும் மக்கள் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இத்தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், தம் வழக்கப்படியே எட்டாம் பாடலில் இராவணனை நினைவுகூர்ந்தார். மலையெடுத்தவனின் செருக்கு அடங்கியது. அடங்கியபின் அருளும் கிடைத்தது. இவ்வாறாக, இந்நகரின் முதற் பலசாலி இருபது தோள் உடையவன், அவனே தோற்றவனும்.

அப்பாறையிலிருந்து நகரைக் கடந்து மேற்கே சென்றால் உள்துறைமுகம். அங்கே மூட்டை சுமந்த தோள்களுக்கும், கடற்கரைகளில் வலைவடம் இழுத்த தோள்களுக்கும் ஐதிகம் இல்லை. இவ்விரு வகைத் தோள்களுக்கும் இடையில் மூன்றாமவன் ஒருவன் நிற்கிறான்: மெலிந்த உடலுடைய இளைஞன். அவனை ஊரார் 'நெத்தலி' என்பர். காற்றடித்தால் விழுந்துவிடுவான் என்று திருமண வீட்டிலும் கேலி செய்வர். கண்ணாடி முன் நின்று தன் தோளெலும்பைப் பார்த்து நாணும் அவனுக்குத் தமிழ் இலக்கியம் யாது கூறுகிறது? இவ்வினா அற்பமானது என்று ஒதுக்கப்பட்டே வந்துள்ளது. தலைவியின் பசலையையும் மெலிவையும் நூற்றுக்கணக்கான பாடல்களில் ஆராய்ந்தவர்கள், தன் மெலிவால் வெட்கும் ஆண்மகனைப் பற்றி ஒரு பக்கமும் எழுதினாரல்லர்.

தோளைப் பாடுவதில் தமிழ்க்கவிஞர் சளைத்தவர் அல்லர் என்பது உண்மையே. மகளிர் தோளுக்கு மூங்கில். மன்னர் தோளுக்கு மலை. கம்பன் உலாவியற் படலத்தில் இராமனின் தோளைக் கண்ட மகளிரை அத்தோளிலேயே நிறுத்திவிடுகிறான். வேறோர் உறுப்பைக் காண அவர்களுக்கு இயலவில்லை. அழகின் முழுமையை அதனினும் சுருக்கமாக உணர்த்துதல் அரிது. ஆயினும் அத்தோள் எவ்வாறு அமைந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அது பிறப்போடு வந்தது, குலத்தின் கொடை. பிற்காலத்து வரலாற்று நாவல்களும் இவ்வழியையே பின்பற்றின. திரண்ட தோளும் விரிந்த மார்பும் கொண்டே நாயகன் முதல் அத்தியாயத்தில் குதிரையிலிருந்து இறங்குவான். அவன் எப்போது தண்டால் எடுத்தான், என்ன உண்டான், எத்தனை மாதம் தோள்வலியால் உறக்கமின்றிக் கிடந்தான் என்பதை எந்த நாவலாசிரியரும் கூறார். முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பெற்றவன். மல்லன் என்ற சொல்லின் பொருளே மற்போர் வல்லவன் என்பதாகும். அப்பெயர் ஒரு கடற்கரை நகருக்கே நிலைத்துவிட்டது. பெயருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய பயிற்சிக்களம் மட்டும் இலக்கியத்தில் இல்லை.

இதற்கு விலக்காக அமைந்தவை புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான ஆறு பாடல்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களிலும், பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் மூன்று பாடல்களிலும் பாடினர். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவேறு இடங்களிலிருந்து காண்கின்றனர். ஒருவர் களத்தின் அருகிலிருந்து, மற்றவர் தம் இல்லத்துப் பனையின் அடியிலிருந்து. உடலின் வலிமை குறித்துத் தமிழில் எழுந்த பாடல்களுள் இவற்றுக்கு நிகரானவை மிகச் சிலவே.

சாத்தந்தையார் கிள்ளியின் தோளை மலை என்று கூறவில்லை. ஒரு கால் எதிரியின் மார்பில் எவ்வாறு ஊன்றியது, மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் எவ்வாறு வளைந்தது என்று கூறுகிறார். அது புகழ்ச்சி அன்று, பிடியின் விவரம். மற்போர் அறிந்தவன் அப்பாடலைப் படித்து அந்நிலையை மீண்டும் செய்து பார்க்கலாம். உவமையாக வரும் யானையும் வெற்றிக்களிப்பில் பிளிறும் யானை அன்று; பசியால் மூங்கிலை முறிக்கும் யானை. அவனை வெறுத்த தந்தையாகிய தித்தன், விரும்பினும் விரும்பாவிடினும், இந்நிலையைக் காணவேண்டும் என்று புலவர் ஏங்குகிறார். ஒதுக்கப்பட்ட மகனொருவன் தன் உடலால் அளிக்கும் மறுமொழியாகவே அப்போர் அங்கே காட்டப்படுகிறது.

அவருடைய இன்னொரு பாடல் இதனினும் வியப்புக்குரியது. கிள்ளியின் வேகத்துக்கு அவர் தேடிய உவமை, கட்டிலை வாரால் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இவ்வளவு நெருக்கடிக்கிடையில் ஓடும் ஊசியினும் விரைவாக முடிந்ததாம் அப்போர். தொழிலாளியைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் அக்காலச் சமூகத்தின் இழிவுப் பார்வையைச் சுமந்து நிற்பது, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் அரசிளங்குமரனின் ஆற்றலை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டபோது, அப்புலவர் மலையையும் களிற்றையும் விட்டுத் தொழிலாளியின் கையையே நாடினார். திறன் என்பது பழகிய கை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நக்கண்ணையார் பாடல்களைக் கைக்கிளை என்று வகுத்துவிட்டு அமைவதே பெரும்பாலான நூல்களின் வழக்கம். வகுப்பது எளிது. அவர் கண்டது யாது என்பதே கேள்வி. தம் தலைவன் கூழ் உண்டும் பெருந்தோள் உடையவன் என்கிறார். 'உண்டும்' என்பதிலுள்ள உம்மையை இழிவு சிறப்பு என்று இலக்கணம் கூறிவிடும். ஆனால் அவ்வும்மைக்குள் ஒரு பெண்ணின் வியப்பும் இரக்கமும் கலந்திருக்கின்றன. கிள்ளி தன் நாட்டில் இல்லை; ஊரும் அவனுடையது அன்று என்று அவரே இன்னொரு பாடலில் கூறுகிறார். நெய்யும் ஊனும் நிறைந்த அரண்மனை உணவு அவனுக்கு இல்லை, கிடைத்தது கூழ். அக்கூழிலிருந்து அத்தோள் எவ்வாறு வந்தது? தமிழ்க்கவிதையில் உணவையும் தோளையும் ஒரே தொடரில் வைத்து, அவற்றுக்கிடையிலான பொருத்தமின்மையைக் கண்டு வியந்தவர் அவர். மலை என்று உவமித்தவர் எவருக்கும் இவ்வையம் எழவில்லை.

அவ்வையத்துக்கு இன்றைய உடலியல் ஓரளவு விடை கூறும். தசை உணவால் மட்டும் வளர்வதில்லை. பயிற்சியால் மட்டும் வளர்வதுமில்லை. வழக்கத்துக்கு மேற்பட்ட பாரத்தை எதிர்த்து உழைக்கும் தசையில் புரதத்தொகுப்பு விரைவடைகிறது. அவ்விரைவு ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். அவ்வேளையில் போதிய புரதமும் உறக்கமும் கிடைத்தால் தசைநார் தடிக்கும். பாரப்பயிற்சி செய்வோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதுமென ஆய்வுகள் கூறுகின்றன. 50 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். சூடையும் கீரியும் கரையேறும் ஊரில் இக்கணக்கு அச்சுறுத்துவது அன்று. மெலிந்தவன் தவறவிடுவது பெரும்பாலும் மொத்த உணவின் அளவையே; செலவிடும் சக்தியினும் மிகுதியாக உண்ணாதவனின் எடை ஏறாது. இங்கே கூழும் உதவும். தானியக்கூழ் உழைப்புக்குரிய சக்தியைத் தந்து, புரதம் எரிபொருளாக வீணாகாமல் காக்கும். கிள்ளி கூழ் உண்டு வளர்ந்தான் என்பதைவிட, கூழோடு நாள்தோறும் மற்போர் பயின்றான் என்பதே பொருந்தும். பாடலில் இல்லாத அப்பயிற்சியைப் 'போரவை' என்ற அவனது அடைமொழியே உணர்த்துகிறது.

பயிற்சியின் படிகளை இலக்கியம் மறந்தபோதிலும் ஊர்வழக்கு மறக்கவில்லை. தமிழகத்தின் தென்மாவட்டக் கிராமங்களில் இன்றும் காணப்படும் இளவட்டக்கல் அதற்குச் சான்று. வழவழப்பான உருண்டைக்கல், பிடிக்க இடமில்லை. குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளுக்கு ஏற்றிப் பின்புறம் எறிய வேண்டும். அதனைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பர் என்பது வழக்காறு. இவ்வழக்கில் மெலிந்தவனுக்கு அவமானம் உண்டு; அதே வேளை வழியும் உண்டு. இன்று முழங்கால்வரை ஏற்றியவன் அடுத்த பொங்கலுக்கு மார்புவரை ஏற்றலாம். கிரேக்கத்து மைலோ என்ற மல்லன் கன்றுக்குட்டியை நாள்தோறும் சுமந்து, அது காளையானபோதும் சுமந்தான் என்பது மேலைநாட்டுக் கதை. இரண்டிலும் உள்ள கருத்து ஒன்றே. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945இல், அமெரிக்க இராணுவ மருத்துவரான தாமஸ் டிலோர்ம் காயமுற்ற போர்வீரருக்குப் பாரத்தைப் படிப்படியாக உயர்த்தும் பயிற்சியை வகுத்து, அதனை மருத்துவ நூலில் ஏற்றினார். பத்துமுறை தூக்குதல் ஒரு சுற்று, அத்தகைய மூன்று சுற்று என்று இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்கும் கணக்கு அவர் வழிவந்ததே.

தோளைத் தானே ஆக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நவீன வடிவில் நம் நாடுகளுக்கு வந்த காலம் குறிப்பிடத்தக்கது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற பலசாலியான யூஜின் சாண்டோ வலிமையைப் பெறும் வழியைக் கூறும் நூலை வெளியிட்டது 1897இல். அதே ஆண்டில் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், பின் சென்னையில் பேசுகையில், இளைஞர் கீதையைப் பயில்வதினும் உதைபந்தாட்டத்தால் தெய்வத்தை அணுகலாம் என்று கூறிக் கேட்டோரைத் திடுக்கிடச் செய்தார். சாண்டோ 1904-05இல் இந்தியாவிலும் காட்சிகள் நடத்தினார். பெங்களூரில் கே. வி. ஐயர் உடற்பயிற்சிக்கூடம் நடத்தி நூல்கள் எழுதினார். அவரே கன்னடத்தில் நாவலும் எழுதியவர் என்பது, தசைக்கும் எழுத்துக்கும் பகை என்று எண்ணுவோர் அறியவேண்டிய செய்தி. பாரதியின் புதிய ஆத்திசூடி உடலை உறுதியாக்குவதைக் குழந்தைக்குரிய கட்டளைகளுள் ஒன்றாக வைத்தது. அடிமைப்பட்ட நாட்டில் மெலிந்த உடல் தனிமனிதனின் குறையாக மட்டும் கருதப்படவில்லை. பிரித்தானியர் சிறையிலிருந்தபோது பயிற்சியை வளர்த்துக்கொண்ட வங்காளத்து மனோகர் ஐச், 4 அடி 11 அங்குல உயரத்தோடு 1952இல் உலக ஆணழகன் பட்டம் பெற்றார். சாண்டோவின் பெயரோ தமிழில் பட்டமாகிச் சின்னப்பா தேவரின் பெயர்முன் ஒட்டிக்கொண்டது. பின்னர் கையில்லாத பனியனுக்கும் பெயராகித் தேய்ந்தது. மனிதன் மறைந்து சட்டை மிஞ்சியது!

இம்மரபின் வணிக வடிவமே சார்ள்ஸ் அட்லஸின் விளம்பரம். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவரும் சார்ள்ஸ் ரோமன் என்ற விளம்பரக்காரரும் 1920களின் இறுதியில் கூட்டுச்சேர்ந்து, அஞ்சல்வழிப் பயிற்சியை உலகெங்கும் விற்றனர். அவர்களுடைய சித்திரக்கதையை ஓர் இலக்கியமாகவே கொண்டு ஆராயலாம். அதனைப் படித்தோர் தொகை பல காவியங்களைப் படித்தோர் தொகையினும் மிகுதி. கடற்கரையில் மெலிந்தவன் ஒருவன் தோழியோடு அமர்ந்திருக்கிறான். முரடன் மணலை உதைத்து அவன் முகத்தில் எறிகிறான். தோழியின் பார்வையில் ஏளனம். வீடு திரும்பியவன் நாற்காலியை உதைக்கிறான். அஞ்சலில் நூலை வரவழைக்கிறான். அடுத்த சட்டகத்தில் கண்ணாடி முன் திரண்ட தோளோடு நிற்கிறான். அதற்கடுத்ததில் முரடன் அடிவாங்குகிறான்.

இக்கதையின் ஆற்றல் அதன் முதற் சட்டகத்தில் இருக்கிறது. மெலிந்தவனின் நாணத்தை அது மெய்யாகவே அறிந்திருந்தது. நம் நாவல்கள் அறியாததை ஒரு விளம்பரம் அறிந்தது. அதன் பொய் இரண்டு சட்டகங்களுக்கு இடையிலுள்ள வெள்ளைக்கோட்டில் இருக்கிறது. மாதக்கணக்கான உழைப்பு அக்கோட்டுக்குள் புதைக்கப்பட்டது. கம்பனின் நாயகனுக்குத் தோள் பிறப்பில் வந்தது. அட்லஸின் நாயகனுக்கு அஞ்சலில் வந்தது. காலத்தை இருவருமே மறைத்தனர். அன்றியும், அடி வாங்கியவன் அடிப்பவனாவதே அக்கதையின் முடிவு. முரடனின் நீதி மாறவில்லை. முரடன் மட்டும் மாறினான். இன்று கைபேசித் திரைகளில் 'முன்', 'பின்' என்று இரு படங்களைச் சேர்த்துக் காட்டும் வழக்கம் அதே கதையை இரண்டு சட்டகங்களாகக் குறைத்துவிட்டது. நாற்காலியை உதைத்த கோபமும் அதில் இல்லை.

துறைமுகத்தின் தோள்களுக்கு மீள்வது பொருத்தம். 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்தது இத்துறைமுகம். 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமைக்குக் காரணமும் அதுவே. ஆழம் மிக்க இவ்வியற்கைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் நெல்சன் காலத்திலிருந்து கப்பல்களை எண்ணினர், சுமந்தவர்களை எண்ணவில்லை. இலங்கையில் மூட்டை சுமப்பவரை 'நாட்டாமை' என்பர். தமிழகத்தில் ஊர்த்தலைவனைக் குறிக்கும் அதே சொல் இங்கே சுமைதூக்குபவனுக்கு வந்து சேர்ந்திருப்பது மொழியின் குறும்பு. வயதுவந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் பரிந்துரைத்தது 1967இல்தான். அதற்கு முன்னும் பின்னும் தோள்கள் சுமந்தன.

இத்தொழிலாளர் பலர் மெலிந்தவர்களே என்பது கவனித்தற்குரியது. வலிமையும் பருமனும் ஒன்றல்ல. பயிற்சியின் முதற் சில வாரங்களில் கூடும் வலிமை தசையின் பருமனால் அன்றி, நரம்புகள் தசைநார்களை இயக்கக் கற்றுக்கொள்வதால் பெரிதும் விளைகிறது என்பதை 1979இல் மொரிட்டானியும் டிவ்ரீசும் காட்டினர். மூட்டை சுமப்பவனின் கழுத்தும் முதுகும் காலும் அவ்வாறு ஆண்டுக்கணக்காகக் கற்றவை. ஆனால் ஓய்வும் ஊணும் குறைந்த இடத்தில் அக்கல்வி தசையாகத் தடிக்காது, தேய்மானமே மிஞ்சும். உழைப்பாளியின் உடலைச் சிற்பமாக்கிப் போற்றும் முற்போக்குக் கவிதைகள் சில, இவ்வுண்மையை மறந்து அவனுக்கு மன்னரின் தோளையே இரவல் வாங்கிக் கொடுத்தன. அது மரியாதை போலத் தோன்றும்; அவன் உண்ட கூழை அது மறைத்துவிடும். நக்கண்ணையாரின் உம்மை அக்கவிதைகளில் இல்லை.

மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் இவ்வகையில் தெளிவுடையவர். அவருடைய 'தோணி' என்ற சிறுகதையில், சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்பதே மீனவக் குடும்பத்துச் சிறுவனின் கனவு. அங்கே குறை தோளில் இல்லை; தண்டு வலிக்கும் கைக்குத் தோணி சொந்தமில்லை என்பதே குறை. திருகோணமலையிற் பிறந்த பிரமிளோ இத்திசைக்கே எதிராகச் சென்று, தம் புகழ்பெற்ற சிறுகவிதை ஒன்றுக்கு இறகைப் பொருளாக்கினார். மலை பெயர்த்த கதை வழங்கும் ஊரின் கவிஞனுக்கு மிக இலேசான பொருள் போதுமானதாயிருந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம்.

உழைக்கும் தோளின் காலத்தை மறைக்காத இலக்கியம் ஒன்று உண்டெனில், அது மீனவரின் அம்பாப் பாடலே. கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப்பாடி வடத்தை வலிப்பர். இழுப்பில் மூச்சு வெளியேறும். மறுமொழியின் இடைவெளியில் உடல் இளைப்பாறும். பாட்டின் யாப்பு தசையின் யாப்பாகவே அமைந்துவிடுகிறது. மடி கரைக்கு அணுகுந்தோறும் பாரம் கூடும். பாட்டின் நடையும் அதற்கேற்ப இறுகும். டிலோர்ம் எண்ணிக்கையில் வகுத்ததை இவர்கள் தாளத்தில் வகுத்திருந்தனர். வரிசையில் நிற்கும் மெலிந்த இளைஞனை எவரும் தனியே அளப்பதில்லை. அவனுடைய இழுப்பு வடத்தில் மற்றவரின் இழுப்போடு கலந்துவிடும். ஒரு பருவம் கழிந்தபின் அவன் முதுகு அகன்றிருப்பதை முதலில் கவனிப்பவள் அவன் தாயாகவே இருப்பாள். நாட்டார் பாடல் தொகுப்புகள் அம்பாவின் சொற்களைப் பதிப்பித்தன. மூச்சு எங்கே நிற்கிறது, இழுப்பு எங்கே விழுகிறது என்பதைக் குறிக்கவில்லை. சொல் மட்டும் அச்சேறிய அம்பா, ஆமூர் மல்லன் இல்லாத மற்போரைப் போன்றது.

பல கரைகளில் இன்று உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை வடத்தைச் சுற்றி இழுக்கிறது. அதனால் முதுகுகள் தப்பின. அதற்காக வருந்துவது பிறர் முதுகின்மேல் கொள்ளும் பழமைப் பற்றாகும். வடத்தை விட்ட இளைஞன் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்கிறான். அங்கே இருக்கையில் அமர்ந்து, தலைக்குமேல் தொங்கும் இரும்புக் கம்பியைக் கப்பி வழியே மார்பை நோக்கி இழுக்கிறான். அவன் பாட்டன் இழுத்த அதே தசை, அதே இழுப்பு. முன்னர் அதற்குக் கூலி வாங்கினர். இப்போது அதற்கு மாதக்கட்டணம் செலுத்த வேண்டும். பாரத்தின் அளவு தகட்டில் பொறித்திருக்கிறது. பத்து இழுப்பு, சற்று ஓய்வு, மீண்டும் பத்து. ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு. இழுப்பு ஒரு தாளத்திலும் பாட்டு வேறொரு தாளத்திலும் செல்கின்றன.